அரசு ஆடிட்டர் வேலைக்குப் படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர், கரூர் பக்கம் ஆடிட்டர் என்றாலே ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போடும் சிஏதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதனால் பிகாம் முடித்த பிள்ளை அரசுத் தணிக்கைக்குப் போக ஆசைப்பட்டால், முதலில் சிஏ முடிக்கட்டும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். சிஏ நல்ல படிப்புதான். ஆனால் அரசு ஆடிட்டர் ஆக அது கட்டாயமே இல்லை. மத்திய அரசின் உதவித் தணிக்கை அலுவலர் பதவிக்குக்கூட ஏதாவது ஒரு பட்டப்படிப்பு போதும். சிஏ இருந்தால் கூடுதல் தகுதி, அவ்வளவுதான். இது தெரியாமல் சிஏ இன்டர் (இடைநிலைத்) தேர்வை மறுபடி மறுபடி எழுதி இளமையில் பாதியைக் கழித்தவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர்.

அடுத்த தவறு, எந்த வாசல் வழியாக உள்ளே போகப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே படிக்க உட்கார்வது. அரசு ஆடிட்டர் வேலை ஒன்றல்ல, பல.

அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகளில் வரும் சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம் ஒரு வாசல். அங்கே ஐஏ அண்ட் ஏஎஸ் (இந்தியத் தணிக்கை, கணக்குப் பணி) அதிகாரியாக வேண்டுமென்றால் யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வு. தேறினால் சிம்லாவில் பயிற்சி. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வில் தேறினால் உதவித் தணிக்கை அலுவலர் (அந்த வருட அறிவிக்கையில் அந்தப் பதவி இருந்தால்) அல்லது ஆடிட்டர். ஏழாவது ஊதியக் குழுவின்படி முன்னது 8-ஆம் ஊதிய நிலை, தொடக்க அடிப்படைச் சம்பளம் 47,600 ரூபாய். பின்னது 5-ஆம் நிலை, 29,200 ரூபாய். பாதுகாப்புக் கணக்குத் துறையிலும் ஆடிட்டர் என்ற பெயரிலேயே பதவி உண்டு. ஆனால் அங்கே பில், சம்பளம், பென்ஷன் சரிபார்ப்புதான் பெரும்பகுதி. ஊர் ஊராகப் போய்த் தணிக்கை செய்ய ஆசைப்பட்டவருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். பதவி விருப்ப வரிசையை ஒருமுறை கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அதனால் எது என்ன வேலை என்று விசாரித்துவிட்டு வரிசைப்படுத்துங்கள்.

மாநில வாசல் டிஎன்பிஎஸ்சி. குரூப் 2, 2ஏ வழியாக உள்ளாட்சி நிதித் தணிக்கை, கூட்டுறவுத் தணிக்கை போன்ற துறைகளுக்குப் போகலாம். கோவை மாநகராட்சி முதல் பேரூராட்சிகள் வரை முன்னதன் கையில். விவசாயிகள் கடன் வாங்கும் சொசைட்டி, சென்னிமலை நெசவாளர் சங்கங்கள், மோகனூர் சர்க்கரை ஆலை போன்றவை கூட்டுறவின் பக்கம். சில பதவிகளுக்கு வணிகவியல் அல்லது கூட்டுறவு படித்திருக்க வேண்டும் என்று இருக்கும். அறிவிக்கையில் தகுதிப் பட்டியலை வரி விடாமல் படியுங்கள்.

எஸ்எஸ்சிக்குக் கணக்கும் ஆங்கிலமும், டிஎன்பிஎஸ்சிக்குத் தமிழும் தமிழ்நாட்டு வரலாறும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக முதல் வருடத்திலேயே இரண்டுக்கும் படித்தால் இரண்டும் கைவிட்டுப் போகும். கொங்குப் பகுதியிலேயே இருந்து வேலை பார்க்க விரும்புகிறவருக்கு டிஎன்பிஎஸ்சிதான் சரி என்பது என் கருத்து. ஆனால் நம் பிள்ளைகள் பலர் நாமக்கல், ஈரோடு மெட்ரிக் பள்ளிகளில் ஆங்கில வழியில் படித்தவர்கள். டிஎன்பிஎஸ்சி முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித்தாள் உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயனில்லை. பேசத் தெரியும், அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். தினமும் ஒரு பக்கமாவது தமிழில் கையால் எழுதிப் பழக வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் கோட்டை விடுகிறவர்களும் அதிகம். மாநிலத்தின் பிசி சான்றிதழ் மத்தியத் தேர்வுக்குச் செல்லாது. ஓபிசி சான்றிதழ், கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற குறிப்போடு, மத்திய அரசின் படிவத்தில் வேண்டும். எட்டு லட்ச ரூபாய் வருமான வரம்பைப் பார்க்கும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிற தோட்டத்துக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நில அளவுக்குத் தனி விதி உண்டு, அதையும் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. அப்புறம் புத்தகத்தை மூடிவிடுவதுதான் பெரிய தவறு. சிஏஜி அலுவலகத்தில் நேரடியாகச் சேரும் உதவித் தணிக்கை அலுவலர், எஸ்ஏஎஸ் என்ற உள்தேர்வில் தேறினால்தான் பணியில் உறுதி செய்யப்படுவார். மாநிலத்தில் துறைத் தேர்வுகள் மே, டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை வரும். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு படிப்பது கடினம். சேர்ந்த சூட்டிலேயே முடித்துவிடுங்கள்.

வேலையில் நான் முக்கியமாக நினைப்பது, பார்க்கும் முறையும் எழுதும் முறையும்தான். ஒரு ஊராட்சி ஒன்றியத்தில் கான்கிரீட் சாலைக் கணக்கு வருகிறது என்று வையுங்கள். பில் தொகை சரி, வவுச்சர் எண் சரி, கையெழுத்து இருக்கிறது. புதியவர் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். செய்த வேலையின் அளவைப் பதியும் எம் புக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாலையை அளந்த தேதி மார்ச் 12. அதே வேலைக்குச் சிமென்ட் வாங்கிய பில் மார்ச் 15. சிமென்ட் வருவதற்கு முன்பே சாலை முடிந்திருக்கிறது. கூட்டல் சரிபார்ப்பதோடு நின்றால் இது கண்ணில் படாது. ஒரு பதிவேட்டை இன்னொன்றோடு வைத்துப் பார்ப்பதுதான் தணிக்கை.

கண்டுபிடித்ததும் உடனே 'முறைகேடு நடந்துள்ளது' என்று எழுதுவது அடுத்த பிழை. தேதி தவறாகப் பதிவாகியிருக்கலாம், பழைய இருப்பிலிருந்து சிமென்ட் எடுத்திருக்கலாம். பக்க எண், வவுச்சர் எண், இரண்டு தேதிகள், தொகை ஆகியவற்றை அப்படியே எழுதி விளக்கம் கேளுங்கள். பதில் ஏற்கும்படி இல்லையென்றால் தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபணை எழுதலாம். ஆவணம் காட்டாத எந்தச் சொல்லும் அதில் இருக்கக்கூடாது. ஒரு மனிதரின் பென்ஷனே அதனால் நின்றுபோகலாம்.

சொசைட்டியில் நகைக்கடன் தணிக்கையும் அப்படித்தான். பொட்டலங்களை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது. பிரித்து, எடை போட்டு, தரம் பார்க்க வேண்டும். 2021-ல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காகச் சங்கங்களை ஆய்வு செய்தபோது, கவரிங் நகைக்குக் கொடுத்த கடனும் நகையே இல்லாமல் கொடுத்த கடனும் வெளியே வந்தன.

சொந்த மாவட்டத்தில் வேலை செய்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. தணிக்கைக்குப் போன இடத்தில் "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்பார்கள், அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் டிபன் கேரியரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அந்தச் சங்கத்தின் செயலாளர் உங்கள் மாமனாகவோ பங்காளியாகவோ இருந்தால், சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தணிக்கையை வேறு ஒருவருக்கு மாற்றித் தரும்படி முதல் நாளே மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.