வீட்டிலேயே அம்பாசிடரைப் பிரிக்கும்போது நடக்கும் விபத்துகள்

அம்பாசிடரோ பத்மினியோ, பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்துவைத்து வேலை பார்ப்பதில் ஒரு தனி சுகம். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது; ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் பாதி வேலையை நாமே முடித்துவிடலாம். ஆனால் வீடு பட்டறை அல்ல. பட்டறையில் குழி இருக்கும், குரல் கொடுத்தால் ஓடிவர ஆள் இருக்கும். வேலை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட வீட்டில் அடிபடுவது, இந்த இரண்டும் இல்லை என்பதை மறந்துவிடுவதால்தான்.

முதலில் ஜாக்கி. அம்பாசிடர் ஒரு டன்னுக்கு மேல் எடை. ஜாக்கியை மட்டும் நம்பி அதன் அடியில் படுக்கவே கூடாது. சரி என்று சிலர் ஹாலோ பிளாக்கை அடுக்கிவைக்கிறார்கள். அது இன்னும் மோசம். எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென்று நொறுங்கும். நல்ல ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்கிவிடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். போர்ட்டிகோவில் டைல்ஸ் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது பிடிப்பது பின்சக்கரங்களை. அவைதான் தரையிலேயே இல்லையே. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே எடையைத் தாங்குகிறது. துருப்பிடித்த இடத்தில் ஜாக்கி வைத்தால் தகடு உள்ளே போய் வண்டி இறங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீர் என்று கேட்கும். அரித்த தகடு மந்தமாகக் கேட்கும். மேலே அடித்திருக்கும் கறுப்புப் பெயின்ட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

முன்பக்க டார்ஷன் பாரை வீட்டில் தொடாதீர்கள். அது முறுக்கேற்றி வைத்த இரும்புத் தண்டு. முறுக்கை இறக்காமல், சக்கரத்தைத் தாங்கும் ஆர்மைக் கழற்றினால் கையை உடைக்கும் வேகத்தில் அடிக்கும். அம்பாசிடர் பார்த்துப் பழகிய மெக்கானிக்கின் வேலை அது.

அடுத்தது பெட்ரோல். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி செல்ஃப் அடிப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். டைமிங் சரியில்லாத இன்ஜின் ஒரு தடவை திருப்பி அடித்தால் போதும், ஊற்றிய ஆளின் முகத்தில்தான் தீ பாயும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி எரியும் பூஜை விளக்குகூட அதற்குப் போதும். காலி டேங்க்தானே என்று ஓட்டையை வீட்டில் வெல்டிங் வைக்க இறங்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

ஸ்பேனரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய 1489 சிசி இன்ஜினில் பெரும்பாலும் இன்ச் அளவு நட்டுகள். அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவது போலத்தான் இருக்கும். பலம் கொடுத்து இழுக்கும்போது வழுக்கி நட்டின் முனையை மழுக்கிவிடும், முட்டி போய் ரேடியேட்டரில் இடிக்கும். பிடித்துப்போன நட்டுக்குத் துரு நீக்கும் ஆயிலை முந்தைய இரவே அடித்து ஊறவிடுங்கள். வெறும் பலத்தால் திருகினால் மரை போகும், அல்லது போல்ட்டு உள்ளேயே முறியும்.

இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கும்போது தோளில் துண்டு இருக்கக் கூடாது, வேட்டி நுனி தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் பெல்ட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும்; துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவே விடாதீர்கள்.

அப்புறம் பிரேக். டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதித் தள்ளாதீர்கள்; பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிரேக் ஆயில் குறைந்தால் கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவது மிகப் பெரிய தவறு. ரப்பர் கப்புகள் உப்பிப்போய் பிரேக் வேலை செய்யாமல் போகும். ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பியுங்கள். பெடல் மிதிக்க இன்னொருவர் வேண்டும். முடிந்ததும் இன்ஜினை அணைத்த நிலையில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், வண்டியை கேட்டுக்கு வெளியே எடுக்காதீர்கள்.