சாவி கைக்கு வரும் முன்பே வீட்டைக் கோட்டை விடாதீர்கள்

தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டித் தரும் வீட்டுத் திட்டங்களில் தேர்வாகும் குடும்பங்களுக்குத் துணையாக இருப்பது என் வேலை. சம்பளமில்லாத வேலைதான். விண்ணப்பம் நிரப்புவது, வரவுசெலவு பார்ப்பது, கட்டுமான இடத்தில் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று சொல்வது எல்லாம் அதில் வரும். ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மட்டும் மாற மாட்டேன் என்கின்றன. புதிதாக வந்தவர்களும் பழைய ஆட்கள் விழுந்த அதே பள்ளத்தைத் தேடிப் போவதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். தலைக்கவசம் போடுங்கள், நேரத்துக்கு வாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

இலவச வீடு என்று நினைப்பது

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984-இல் நியூயார்க்கில் ஒரு பழைய கட்டடத்தைச் சீரமைக்கப் போனதிலிருந்து, அவர் சுத்தியலோடு நிற்கும் படங்கள் உலகமெல்லாம் சுற்றின. ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற, வீடு கட்டித் தரும் தொண்டு அமைப்புக்குப் பெரிய விளம்பரம். கூடவே ‘யாரோ வந்து சும்மா கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்’ என்ற நினைப்பும் பலருக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அமைப்பை மில்லர்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் 1976-இல் தொடங்கினார்கள். அதற்கு முன்பே ஜார்ஜியா மாநிலத்தின் கொய்னோனியா பண்ணையில், அதை நிறுவியவர்களில் ஒருவரான கிளாரன்ஸ் ஜோர்டனோடு சேர்ந்து அந்த முறைக்கு அடித்தளம் போட்டிருந்தார்கள். லாபம் வைக்காமல் வீடு, வட்டியில்லாத தவணை, அந்தத் தவணைப் பணம் பொது நிதியில் சேர்ந்து அடுத்த குடும்பத்துக்கு வீடாவது, இதுதான் ஏற்பாடு. இன்று எல்லாக் கிளைகளும் வட்டியில்லாமல் கொடுப்பதில்லை. ஆனால் கடன் கடன்தான். தேவை இருக்கிறதா, கட்டுமானத்தில் கூடவே உழைக்கத் தயாரா என்பதோடு, திருப்பிக் கட்ட முடியுமா என்றும் பார்த்துத்தான் குடும்பங்களைத் தேர்வு செய்கிறார்கள்.

ஒப்புதல் கடிதம் வந்ததும் புதுக் கடன் வாங்குவது

என்னை இன்னும் கடுப்பேற்றுவது இதுதான்.

தேர்வாகிவிட்டீர்கள் என்று கடிதம் வருகிறது. வீடு கட்டி முடித்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். அந்த இடைவெளியில் குடும்பம் மனத்தளவில் குடியேறிவிடுகிறது. சோபா, குளிர்சாதனப் பெட்டி, தள்ளுபடி தருகிறார்களே என்று ஒரு கடையின் கடன் அட்டை, தம்பியின் கடனுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து. எதுவுமே அவர்களுக்குக் கடனாகத் தெரிவதில்லை, ‘மாதம் கொஞ்சம்தானே’ என்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். வரிப் பிடித்தத்துக்கு முந்தைய மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுத் தவணை, வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து 30-க்குள் இருக்கும்படி பல கிளைகள் பார்த்துக்கொள்கின்றன. பழைய கடன்களுக்கு 8 போகிறது என்றால் மொத்தம் 38. அமெரிக்காவில் பல இடங்களில் மொத்தக் கடன் தவணைக்கு எல்லை 43. அதனால் ஒப்புதல் கிடைக்கிறது. இப்போது மாதம் 12 தவணை கட்டுகிற மாதிரி ஒரு கார் வாங்கினால் மொத்தம் 50. அவ்வளவுதான், கதை முடிந்தது. ஏனென்றால் கையெழுத்துக்கு முன்பு கடன் அறிக்கையையும் சம்பளச் சீட்டையும் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். முதலில் பார்த்ததோடு விட்டுவிடுவார்கள் என்று எப்படித்தான் எல்லோரும் நம்புகிறார்களோ தெரியவில்லை.

நான் கூடவே இருந்து பார்த்த ஒரு குடும்பம் இப்படித்தான் மாட்டியது. கணவன் மனைவி இருவருமே கடும் உழைப்பாளிகள். கூரை ஏறியாகிவிட்டது, உள்ளே பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் அறைக்கு அந்த அம்மா வெளிர் பச்சை தேர்ந்தெடுத்து, உருளையைப் பிடித்துத் தானே அடித்தார். அந்த நேரத்தில் பழைய கார் நின்றுபோனது. கட்டுமான இடத்துக்கு வர வண்டி வேண்டுமே என்று தவணையில் புதுக் கார் எடுத்தார்கள். எடுத்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது, அதுவும் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள. கடைசிச் சரிபார்ப்பில் ஒப்புதல் ரத்தானது. காரை விற்றுவிடலாம் என்றால், விற்கிற விலையை விடக் கடன் பாக்கி அதிகம். வரிசையில் அடுத்து இருந்த குடும்பத்துக்கு வீடு போனது. போட்ட உழைப்புக்குக் கூலி கிடையாது, அது விதியிலேயே இருக்கிறது.

திட்டத்தை நடத்தியவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான். இதை அறிமுகக் கூட்டத்தில், ஒரு கட்டுக் காகிதத்துக்கு நடுவே, ஒரே ஒரு வரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

சரி, கார் நிஜமாகவே நின்றுபோனால் என்ன செய்வது? வாங்கும் முன் கூப்பிடுங்கள். 38-க்கும் 43-க்கும் நடுவே இடம் இருக்கிறது, சின்னதாக ஒரு வழி கிடைக்கலாம். வாங்கிய பிறகு கூப்பிட்டால் நான் ஆறுதல்தான் சொல்ல முடியும். மாதச் சம்பள வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு மாறுவதும், எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பெரிய தொகையை வங்கியில் போடுவதும் இதே ரகம். கையெழுத்து முடியட்டும், அப்புறம் சோபா வாங்கலாம். அதுவரை தரையில் உட்காருங்கள்.

உழைப்பு மணிகளைக் கடைசிக்குத் தள்ளுவது

குடும்பம் எத்தனை மணிநேரம் உழைக்க வேண்டும் என்பது கிளைக்குக் கிளை மாறும், பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். சுவர்களுக்கு மரச்சட்டம் எழுப்பும் நாளில் எல்லோருக்கும் வேலை உண்டு. முடிவை நெருங்கும்போது இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கும், கதவுச் சட்டத்துக்கு மணல்தாள் தேய்க்க ஐந்து பேர் தேவைப்படாது. பக்கத்து வீடு ஏதாவது கட்டும்போதே போய்ச் செய்துவிடுங்கள். வரவுசெலவு வகுப்பும் வீட்டுப் பராமரிப்பு வகுப்பும் பல இடங்களில் கணக்கில் சேரும், உறவினர் செய்த மணிகளில் ஒரு பங்கும் சேரலாம். மேற்பார்வையாளரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் அவருக்கு உங்கள் முகம்கூட நினைவிருக்காது.

தவணையை மட்டும் பார்ப்பது

தவணை மாறாமல் இருந்தாலும் சொத்து வரியும் காப்பீடும் ஏறும். மாதம் கட்டும் தொகையில் அவையும் சேர்ந்திருப்பதால் அடுத்த வருடம் கட்டணம் கூடி வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். குழாய் உடைந்தால் கூப்பிட இனி வீட்டுக்காரர் இல்லை, நீங்கள்தான் வீட்டுக்காரர். அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

விற்பனை நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்திடுவது

சந்தை மதிப்புக்கும் உங்கள் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாவது அடமானமாக, அதாவது அதே வீட்டின் மீது இன்னொரு கடனாக, எழுதிவைப்பது பல இடங்களில் வழக்கம். விற்கும்போது முதலில் வாங்கும் உரிமையும் பெரும்பாலும் அமைப்புக்கே இருக்கும். படியுங்கள்.

தன்னார்வலரோடு வாக்குவாதம்

வேண்டாம். ஆணி கோணலாக இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

சுவரை மூடும் முன் படம் எடுக்காமல் விடுவது

மரச்சட்ட வீடு என்றால், ஜிப்சம் பலகை அடிக்கும் முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு சுவரிலும் மூலையிலிருந்து அளவு நாடாவை நீட்டிப் பிடித்து, மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். எந்த அறை, எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதி அதுவும் படத்தில் வரட்டும். எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைத்துவிடுங்கள், போன் தொலைந்தாலும் படம் இருக்கும். பின்னால் அலமாரி மாட்டத் துளை போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டியிருக்காது.