மீகடத்திக் காந்தங்களின் குவென்ச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீகடத்திக் காந்தத்தின் சுருளில் ஏதேனும் ஓரிடம் சற்றே சூடேறி, மின்தடையே இல்லாத மீகடத்துநிலையை இழந்தால், அங்கே மின்தடை தோன்றி, காந்தத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல் வெப்பமாக மாறத் தொடங்கும். இதுவே குவென்ச். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், நிலத்தடிச் சுரங்கத்தில் துகள்களை மோதவிடும் இயந்திரமான பெரிய ஹாட்ரான் மோதுவியில், 15 மீட்டர் நீளமுள்ள 1,232 இருமுனைக் காந்தங்கள் 1.9 கெல்வின் குளிரில் இயங்குகின்றன. முழு மின்னோட்டத்தில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 7 மெகாஜூல் ஆற்றல் இருக்கும். குவென்ச் எப்போதாவது வந்தே தீரும் என்பதால், வந்தபின் அது சேதமின்றி அடங்குகிறதா என்பதையே சோதிக்க வேண்டும்.

காந்தத்தைச் சோதித்துவிட்டு, காந்தங்களை இணைக்கும் கடத்திகளை விட்டுவிடுவதே மிகப் பெரிய தவறு. செர்னின் காந்தங்கள் சுரங்கத்தில் இறங்குமுன் ஒவ்வொன்றாகக் குளிரூட்டிச் சோதிக்கப்பட்டவை. ஆயினும் 2008 செப்டம்பர் 19 அன்று, இரு காந்தங்களுக்கு இடையே கேபிள் முனைகளைச் சேர்த்துப் பற்றவைத்திருந்த ஓர் இணைப்பு பழுதானது. ஒரு நானோ ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டிய அதன் மின்தடை சுமார் 220 நானோ ஓம் இருந்ததாகப் பின்னர் கணித்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், 8,700 ஆம்பியரில் அந்த இணைப்பின் குறுக்கே எழுவது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. வெப்பம் 17 வாட் அளவே. கடத்திகளைக் கண்காணித்த கருவிக்கோ 1 வோல்ட் வாசல், அதாவது அதைத் தாண்டினால்தான் எச்சரிக்கை எழும் எல்லை, வைத்திருந்தார்கள். இந்த இடைவெளியை எண்ணும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. இணைப்பு உருகி, மின்வில் மூண்டு, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் இருந்த கலத்தைத் துளைத்தது. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களைக் கழற்றி மேலே கொண்டுவர நேர்ந்தது. துகள் கற்றை மீண்டும் ஓடப் பதினான்கு மாதங்கள் ஆயின. பிறகு அமைத்த கண்காணிப்பின் வாசல் 0.3 மில்லிவோல்ட்.

அன்றைய சேதம் பரவியதற்கு வேறொரு பிழையான அனுமானமும் காரணம். காந்தங்களைச் சூழ்ந்த வெற்றிட உறையின் அழுத்தத் தணிப்பு வழிகளை நொடிக்கு 2 கிலோ ஹீலியம் பாயும் என்று வைத்து வடிவமைத்திருந்தார்கள். உண்மையில் பாய்ந்தது அதன் பத்து மடங்கு அளவில். நிகழக்கூடிய மோசமான விபத்து எது என்பதை, வால்வின் அளவைத் தீர்மானிப்பதற்கு முன்பே தயக்கமின்றிக் கேட்டுவிட வேண்டும்.

அழுத்தச் சோதனையில் விசை எல்லாப் பக்கமும் சமமாகவே விழும் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. 2007 மார்ச்சில் அதே சுரங்கத்தில், குவென்ச்சின்போது எழக்கூடிய ஒருபக்க அழுத்தத்தை 20 பார் வரை ஏற்றிப் பார்த்தபோது, நான்குமுனைக் காந்தம் ஒன்றின் தாங்கிகள் முறிந்தன. நீளவாக்கில் தள்ளும் அந்த விசை வடிவமைப்பிலேயே கணக்கில் வரவில்லை. சோதனையில் முறிந்தது நல்லதே.

இருமுனைக் காந்தத்தின் இரு பாதிகளின் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு 100 மில்லிவோல்ட்டைத் தாண்டி 10 மில்லிநொடி நீடித்தால் குவென்ச் என முடிவு செய்யும் முறையை மட்டும் நம்பக் கூடாது. இரு பாதிகளும் ஒன்றாகச் சூடேறினால் வேறுபாடே தோன்றாது. ஆகவே அடுத்தடுத்த காந்தங்களையும் ஒப்பிட வேண்டும். பொய் எச்சரிக்கை தொல்லை தருகிறது என்று வாசலை உயர்த்துவதும் கூடாது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

ஆட்கள் விஷயத்தில் சமரசமே வேண்டாம். திரவ ஹீலியம் ஆவியாகி அறை வெப்பநிலையை எட்டும்போது ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து, மூச்சுக்கான ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். 2008இல் ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை. மின்னோட்டம் ஏற்றும் வேளையில் சுரங்கத்துக்குள் யாரையும் விட்டிருக்கவில்லை.