மாதிரி ரயில்: தயாரிப்பாளரிடம் எதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம், நிஜ ரயிலைச் சிறு வடிவில் வைத்து ஓட்டும் மாதிரி ரயில் ஆர்வலர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஒரே புகாரில் வந்து நிற்கும்: ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில் ஓடிய நம் மீட்டர்கேஜ் வண்டிகளை ஏன் பெரிய நிறுவனங்கள் செய்வதில்லை? ஆசை நியாயமானதுதான். ஆனால் ஓர் எஞ்சினின் பிளாஸ்டிக் உடலுக்கு எஃகு வார்ப்பு அச்சு வெட்டவே பல லட்சம் ரூபாய் ஆகும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். மீட்டர்கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் திருவாரூர்க்காரருக்கு உயிர். ஜெர்மனிக்காரருக்கு அது யாரோ. அச்சு வெட்டுகிறவர் யாரை நம்பி முதல் போடுவார்?

அடுத்தது, "எங்கள் ஊர் ரயில் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்பது. எந்தக் காலத்து ரயில்? 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூருக்குப் போட்ட பாதை முதலில் அகலப்பாதை. பிறகு மீட்டர்கேஜ் ஆனது. இப்போது மறுபடியும் அகலப்பாதை. ஆண்டையும் வண்டியின் வகையையும் சொல்லாமல் கேட்டால் எந்தத் தயாரிப்பாளருக்கும் விளங்காது.

பாதை அகலத்தில் கறாராக இருப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் அகலப்பாதை 1676 மி.மீ. எச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்காக, அது 19.3 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ.தான், 1435 மி.மீ. பாதைக்காக வகுத்த அளவு அது. அந்த மூன்று மி.மீ. குறையைச் சரிசெய்யச் சொன்னால், வண்டி வேறு யாருடைய தண்டவாளத்திலும் ஓடாது. அயர்லாந்து ஆர்வலர்களுக்கும் இதே சங்கடம். அவர்களில் பெரும்பாலோர் 16.5இலேயே ஓட்டிக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே செய்வது உத்தமம் என்பேன்.

விற்பனை அட்டைப்பெட்டியில் எச்.ஓ.வைவிடச் சிறிய "என்" (N) அளவு என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. பாதை எங்கும் 9 மி.மீ.தான். ஆனால் ஐரோப்பா, அமெரிக்காவில் அது 160இல் ஒரு பங்கு, பிரிட்டனில் 148இல், ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 150இல் ஒரு பங்கு. மூன்றையும் ஒரே ரயிலாகக் கோத்தால் ஒன்று அண்ணன், ஒன்று தம்பி போலத் தெரியும். பிறகு தயாரிப்பாளரைத் திட்டிப் பயனில்லை. வாங்குமுன் கொக்கி எந்த வகை, எவ்வளவு நெருக்கமான வளைவில் திரும்பும், சக்கர விளிம்பு எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். ஆழமான விளிம்புள்ள பழைய சக்கரங்கள் உயரம் குறைந்த தண்டவாளத்தில் ஆணித்தலைகளை இடித்துக்கொண்டு தடதடக்கும்.

சிறு தயாரிப்பாளர் விஷயம் வேறு. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் முப்பரிமாண அச்சு எந்திரத்தில் பெட்டி எடுப்பவரிடம், பெரிய தொழிற்சாலையின் வேகத்தையும் ஆயுள் முழுக்க உதிரிபாகத்தையும் கேட்பது கொடுமை. அதற்காக முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடவும் கூடாது. முன்பணம் கொடுங்கள், அடிப்பாகத்தின் படம் கேளுங்கள். அச்சிட்ட உடல் வெயிலில் வளையும். தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு "கோணலாக வந்தது" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வண்டி விட்டுவிட்டு ஓடினால், எஞ்சினைத் திருப்பி அனுப்புமுன் தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். துணி கறுத்தால் குற்றம் எஞ்சினுடையது அல்ல. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது கட்டும் சுங்க வரிக்கும் தயாரிப்பாளர் பொறுப்பல்ல.

உண்மையான பிழைகளைச் சொல்லவும் நேரம் உண்டு. புது வண்டியின் மாதிரிப் படத்தைத் தயாரிப்பாளர் வெளியிடும்போதே சொல்ல வேண்டும். அச்சு வெட்டிய பிறகு எழுதும் மூன்று பக்கக் கடிதத்தால் ஜன்னல் நகராது. "ஜன்னல் சரியில்லை" என்றால் போதாது, எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்று சொல்லுங்கள். திருச்சி ரயில் அருங்காட்சியகத்தில் மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் நிற்கிறது. அனுமதி கேட்டு, அளவுகோல் தெரியும்படி பக்கவாட்டில் படமெடுத்து அனுப்பினால் சிறு தயாரிப்பாளர் நிச்சயம் பதில் எழுதுவார்.