ஒட்டிய கிரேட்டிங்கும் மதிய வெயிலும்: ஃபைபர் சென்சாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் போன வாரம் ஃபைபர் சென்சாரில், அதாவது கண்ணாடி இழையால் நீட்சியை அளக்கும் கருவியில், எடுத்த ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அது நான் எப்போதோ செய்த அதே தவறு, கீழே முதலில் சொல்லும் வெப்பக் கணக்கு. ஃபைபரை மடிக்காதே, சுண்டாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

வெப்பத்தைத் தப்பாகக் கழிப்பது

பிராக் கிரேட்டிங் என்பது ஃபைபருக்குள் எழுதிய நுண்ணிய கோடுகளின் வரிசை; அது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழுத்தாலும் அந்த அலைநீளம் கூடும், சூடானாலும் கூடும். 1550 நானோமீட்டர் பக்கம் ஒரு மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) சுமார் 1.2 பிகோமீட்டர், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 10. இரண்டையும் பிரிக்கத்தான் இன்னொரு கிரேட்டிங்கைக் குழாய்க்குள் தளர்வாக விடுகிறோம்.

நானும் விட்டேன். தகரக் கூரைக்குக் கீழே, தடையின்றி நகர விடும் உருளைத் தாங்கியில் உட்கார்ந்த எஃகு விட்டம் (உத்தரம்). சுமையைத் தொடவே இல்லை, ஆனால் தினமும் மதியம் தகைவு (பரப்பலகுக்கு உள்ளே எழும் விசை) ஏறியது, இரவில் இறங்கியது. மூன்று வாரம் அதை நம்பினேன்.

எஃகு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரோஸ்ட்ரெய்ன் விரியும், ஒட்டிய கிரேட்டிங்கையும் கூடவே இழுக்கும். ஆக அது டிகிரிக்கு 10 இல்லை, கிட்டத்தட்ட 24 பிகோமீட்டர் நகரும். 10 டிகிரி ஏறினால் 240. தளர்வான கிரேட்டிங் சொன்ன 100ஐக் கழித்தேன். மிச்சம் 140, அதாவது சுமார் 120 மைக்ரோஸ்ட்ரெய்ன். எஃகின் மீள்மைக் குணகமான 200 கிகாபாஸ்கலால் பெருக்கி, 24 மெகாபாஸ்கல் என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தும் விட்டேன். தடையில்லாமல் விரியும் எஃகில் அப்படி ஒரு தகைவே கிடையாது! இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. அதே எஃகில் ஒரு துண்டை வெட்டி, அதே பசையால் கிரேட்டிங்கை ஒட்டி, சுமை படாமல் விட்டத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். விட்டத்தில் வெயில் பட்டால் துண்டிலும் பட வேண்டும். நிழலில் வைத்தால் பழைய கதைதான்.

பச்சை கனெக்டரை நீலத்தோடு சேர்ப்பது

கூடாது. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வு, நீலத்தின் முனையில் அந்தச் சாய்வு இல்லை; இரண்டும் சரியாகப் பொருந்தாது.

துடைக்காமல் செருகுவது

ஒளி போகும் உள்ளகம் 9 மைக்ரோமீட்டர்தான். ஒரு தூசி போதும்.

அலைநீளத்தை மட்டும் சேமிப்பது

பசை ஒரு பக்கமாக அழுத்தினால் ஒளியின் முனைவாக்கத்தை (அலை அதிரும் திசையை) பொறுத்து, திரும்பி வரும் ஒளியின் நிறமாலை உச்சி இரண்டாகப் பிளக்கும். கருவி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும், எண்ணை மட்டும் பார்த்தால் விட்டம் துள்ளியது போலத் தெரியும். அப்புறம், ஒளியின் செறிவு மட்டும் குறைந்து அலைநீளம் அசையாமல் இருந்தால், வழியில் எங்கோ ஃபைபர் இறுக்கமாக வளைந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். முழு நிறமாலையையும் மணிக்கு ஒரு தடவையாவது சேமித்து வையுங்கள்.