நியூட் தொட்டியை விட்டு ஓடிப்போவது எப்படி? வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

நியூட் என்பது பல்லி போன்ற உருவமுள்ள, நீரிலும் நிலத்திலும் வாழும் சிறிய உயிரினம்; சாலமாண்டர் வகையைச் சேர்ந்தது. அதற்குக் கூரிய நகம் கிடையாது. மரத்தவளைக்கு இருப்பது போல விரல் நுனியில் ஒட்டும் திண்டும் கிடையாது. அப்புறம் எப்படிக் கண்ணாடியில் ஏறும் என்று நினைத்து மூடியில்லாத தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான இழப்பு இங்கேதான் தொடங்குகிறது.

நம் வீட்டுப் பல்லி ஏறுவது காலடியிலுள்ள நுண்ணிய மயிர்களால். நியூட் ஏறுவது ஈரத்தால். நனைந்த பூவிதழ் எவர்சில்வர் தட்டில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். சைனீஸ் ஃபயர் பெல்லி நியூட் விரல் நீளம்தான், எடையும் சில கிராம்தான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்டியின் மூலையில், இரண்டு கண்ணாடியும் சேரும் சிலிகான் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கறுப்புத் திட்டுகளுள்ள ஆரஞ்சு வயிறு கண்ணாடியில் அப்பியிருக்கும், தொண்டை மட்டும் துடிக்கும். ஒரு கையைத் தூக்கி வைக்கும், நிற்கும், அடுத்த கை. குட்டிகள் இன்னும் லேசு என்பதால் இன்னும் சுலபமாக ஏறும்.

தண்ணீர் மட்டத்தைக் குறைத்தால் போதும் என்பார்கள். போதாது. அது தன் ஈரத்தை உடம்பிலேயே கொண்டுபோகிறது.

மூடி போடுபவர்களும் ஃபில்டர் குழாய்க்கும் வயருக்கும் விட்ட இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும் என்பதே கணக்கு. அந்த ஓட்டையை ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள். காற்று போக மெல்லிய வலை மூடி நல்லது, ஆனால் கிளிப் மாட்டுங்கள். ஆப்பிரிக்க நகத் தவளை போன்ற பலசாலிகள் லேசான மூடியை முட்டித் தள்ளிவிடும். தண்ணீரை விட்டு வெளியே வராத ஆக்சலாட்டில் என்ற சாலமாண்டர்கூடச் சில சமயம் துள்ளி வெளியே விழும்.

மூடியைப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். புதிதாக வந்தது சில நாள் அலையும், அது சரி. மாதக்கணக்கில் இருந்தது திடீரென்று ஏறத் தொடங்கினால் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா ஏறியிருக்கலாம், அல்லது தண்ணீர் 22 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். ஏறி உட்கார ஒரு கல்லோ மரக்கட்டையோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓடிப்போனது தோட்டத்தில் பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதும் தவறு. அதன் மேலுள்ள நோய் வெளியிலுள்ள உயிரினங்களுக்குப் பரவிவிடலாம். 2013-ல் அடையாளம் காணப்பட்ட, சாலமாண்டர்களின் தோலைத் தாக்கும் பி-சால் என்ற பூஞ்சை நெதர்லாந்தின் ஃபயர் சாலமாண்டர்களை ஏறக்குறைய அழித்தேவிட்டது. ஆசியாவிலிருந்து வந்த வளர்ப்பு உயிரினங்கள் வழியே அது ஐரோப்பாவுக்குப் போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். அந்தப் பயத்தில்தான் அமெரிக்கா 2016-ல் 20 சாலமாண்டர் பேரினங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது.

அலமாரிக்கு அடியில், சுவரோரம், ஈரமான கால்மிதிக்குக் கீழே தேடுங்கள். தூசி அப்பி, காய்ந்த குச்சி மாதிரிக் கிடந்தால் செத்துவிட்டதென்று உடனே தூக்கிப் போடாதீர்கள். தூசியைத் தேய்க்காமல், குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீரில், மூக்கு மூழ்காத ஆழத்தில் வைத்துச் சில மணி நேரம் பொறுங்கள். பிழைத்து வந்தவை உண்டு. தோலில் நஞ்சு இருப்பதால், தொட்ட கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.