பழைய வேட்டி, துண்டு, பனியன்ல இருந்து வீட்டுக்குத் தேவையான துடைக்கிற துணி

பழைய துணியில எதை எடுக்கணும்னு பார்க்குறதுலயே பாதி வேலை முடிஞ்சுடும். காட்டன் மட்டும் எடுங்க. பாலியஸ்டர் சேலை, நைலான் நைட்டி எல்லாம் தண்ணிய உறிஞ்சாம தரையில தள்ளிக்கிட்டே போகும், அதை வச்சு அடுப்புல சூடான பாத்திரம் புடிச்சீங்கன்னா உருகி கையில ஒட்டிக்கும், தயவுசெஞ்சு அதைக் கரித்துணியா வைக்காதீங்க. என்ன துணின்னு தெரியலையா, ஓரத்துல ரெண்டு நூல் உருவி இடுக்கியில புடிச்சு நெருப்புல காட்டுங்க. காட்டன்னா பேப்பர் எரியிற வாசம் வந்து சாம்பலா உதிரும், பாலியஸ்டர்னா சுருங்கி கருப்பா கெட்டியா ஒரு உருண்டை நிக்கும்.

நாலு முழ வேட்டி சுமார் 2 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம் இருக்கும், 30 செ.மீ. சதுரமா கிழிச்சா 24 துண்டு வரும், ரெண்டு ரெண்டா சேர்த்து தைச்சா 12 கிச்சன் துணி. கத்தரியால கோணல்மாணலா வெட்ட வேண்டாம், ஓரத்துல ஒரு இன்ச் வெட்டு விட்டு ரெண்டு கையாலயும் புடிச்சு இழுங்க, நூல் போக்குலயே நேரா கிழிஞ்சு வரும். கஞ்சி போட்ட வேட்டின்னா முதல்ல நல்லா அலசிடுங்க, கஞ்சி இருக்கற வரைக்கும் தண்ணி இழுக்காது.

தைக்க மெஷின் இல்லாதவங்களுக்கு பனியன்தான் வரம். பின்னல் துணிங்கறதால வெட்டுன இடத்துல பிசிறு பெருசா வராது, ஓரம் லேசா சுருண்டுக்கும் அவ்வளவுதான், தூசி தட்ட, ஃபேன் துடைக்க அப்படியே எடுத்துக்கலாம். கண்ணாடிக்கு மட்டும் நைஞ்சு போன வேட்டித்துணிதான், துண்டுல துடைச்சா பஞ்சு ஒட்டும்.

தேங்காய்ப்பூ துண்டு இருந்தா ஃபிளாட் மாப்புக்கு கவர் தைங்க. மாப் தகட்டை அளந்து நீளத்துல 6 இன்ச், அகலத்துல ஒன்றரை இன்ச் கூட வச்சு வெட்டி, சுத்தி ஓரம் பிரியாம ஜிக்ஜாக் அடிச்சுட்டு, ரெண்டு முனையையும் 3 இன்ச் உள்பக்கமா மடிச்சு சைடுல மட்டும் தையல் போட்டு திருப்பிப் போட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் பாக்கெட் ஆகிடும், தகட்டோட முனைங்க அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். நடுவுல மடங்குற மாப்பா இருந்தா மாட்டுறது இன்னும் சுலபம்.

கிச்சனுக்கு வெள்ளை, பாத்ரூமுக்கு கலர்னு பிரிச்சு வைங்க, மாத்தி எடுக்கவே கூடாது. பாத்ரூம் துணியில ஆசிட், ஹார்பிக் பட்டிருந்தா நல்லா அலசாம பிளீச்சிங்ல போட்றாதீங்க, அதுல இருந்து கிளம்பற குளோரின் வாயு நுரையீரலைக் கெடுத்துடும். கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னரும் வேண்டாம், துணி மேல வழவழன்னு படிஞ்சு உறிஞ்சுற தன்மையே போயிடும்.

கிச்சன் துணியை ராத்திரி ஈரத்தோட சிங்க் ஓரத்துல சுருட்டிப் போடாம, அலசி விரிச்சுக் காயப்போடுங்க, அந்த நாத்தம் முழுக்க ஈரத்துல வளர்ற கிருமியாலதான். வாரத்துக்கு ஒருதடவை பழைய எவர்சில்வர் பாத்திரத்துல வாஷிங் சோடா ஒரு ஸ்பூன் போட்டு 10 நிமிஷம் கொதிக்க விட்டு, நல்ல வெயில்ல காயவச்சா எண்ணெய்ப் பிசுக்கும் போயிடும். ரொம்ப நைஞ்சுட்டா அடுப்புக்கு அடியில, சிம்னி ஃபில்டர்ல இருக்கற பிசுக்கைத் துடைக்க கடைசியா ஒருதடவை எடுத்துக்கிட்டு தூக்கிப் போட்டுடுங்க.